கோழிகளின் நீர்ப்பாத்திரத்தில் ஒட்டும் நோய்க்கிருமிப் படலம்

நானாட்டான், முருங்கன் பகுதிகளிற் கட்டுக்கரைக் குளத்து நீரைக்கொண்டு நெல் விளைவிக்கும் கமக்காரர் பலருடைய வளவுகளில் ஒரு கோழிக்கூடும் உண்டு. களத்திற் சிந்திய நெல், குறுணல், தவிடு ஆகியவற்றைத் தின்று வளரும் இக்கோழிகள் முட்டையும் இறைச்சியும் தருவதோடு மிளகாய், கத்தரிப் பாத்திகளுக்கு எருவையும் தருகின்றன. நெல் விற்ற பணம் போகத்துக்கு ஒருமுறையே கைக்கு வரும். முட்டை விற்ற பணமோ வாரந்தோறும் வரும். ஆகவே கூட்டிற் குஞ்சுகள் சாகத் தொடங்கினால் இழப்பு கோழியோடு நிற்பதில்லை. வீட்டின் அன்றாடச் செலவும் அதனால் இடர்ப்படுகின்றது.

சிறுபோகம் விதைத்த கையோடு ஒரு கமக்காரர் ஐம்பது குஞ்சுகளை வாங்கிக் கூட்டில் விடுகிறார் என வைத்துக்கொள்ளலாம். முதல் வாரம் நன்றாகக் கழிகிறது. பத்தாம் நாளளவிற் சில குஞ்சுகள் இறக்கையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி, மூலையில் ஒதுங்குகின்றன. கழிச்சல் காண்கிறது. மூன்று குஞ்சுகள் இறக்கின்றன. அவர் மருந்து வாங்கி நீரிற் கரைத்து வைக்கிறார். இரண்டு மூன்று நாட்களில் எஞ்சியவை தேறுகின்றன. மருந்து முடிந்து ஒரு வாரம் செல்லுமுன் நோய் திரும்பி வருகிறது. மீண்டும் அதே மருந்து. இம்முறை பயன் குறைவு. மருந்து பழுது என்று அவர் கடைக்காரரைக் குறைகூறுகிறார். கடைக்காரர் குஞ்சைக் குறைகூறுகிறார். இருவரும் பாராத பொருள் ஒன்று கூட்டின் நடுவே இருக்கின்றது. அதுவே நீர்ப்பாத்திரம்.

குஞ்சுகள் இறப்பதற்குக் காரணங்கள் பல. இரத்தக் கழிச்சல், அம்மை, குளிர், நெரிசல் என்பனவும் அவற்றுட் சேரும். எனினும் மருந்து கொடுக்கும்போது அடங்கி, மருந்து நின்றதும் திரும்பும் நோயிற் பாத்திரத்தையும் ஐயுறுதல் வேண்டும். அதனைச் சோதிக்கக் கருவி எதுவுந் தேவையில்லை. பாத்திரத்து நீரைக் கொட்டிவிட்டு, அடியிலும் விளிம்பின் உட்பக்கத்திலும் விரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தாற் போதும். தூய பாத்திரம் விரலுக்குச் சொரசொரப்பாகவோ, பற்றிப் பிடிப்பதாகவோ தோன்றும். விரல் வழுக்கிச் சென்றால் அங்கே வழும்பு படிந்துள்ளது. கண்ணுக்குப் பாத்திரம் சுத்தமாகவே தோன்றலாம். பச்சையாகப் படியும் பாசி வேறு, இவ்வழும்பு வேறு. பாசி வெயிலை நாடும், வழும்போ இருட்டான குழாயினுள்ளும் வளரும்.

இவ்வழும்பை அறிவியலார் உயிர்ப்படலம் என்பர். பற்றீரியா எனப்படும் நுண்ணங்கிகள் ஒரு பரப்பிற் கூட்டமாக ஒட்டி, தாமே சுரக்கும் பசை போன்ற பொருளினால் தம்மை மூடிக்கொண்டு வாழும் குடியிருப்பே அது. நீரில் தனித்து மிதக்கும் கிருமி திறந்த வெளியில் நிற்பவன் போன்றது. படலத்துள் இருக்கும் கிருமி மதிலுக்குள் இருப்பவன் போன்றது.

கத்தரித் தோட்டத்தில் ஒரு சான்று

காய்கறி செய்வோர்க்கு இது முற்றும் புதிய செய்தியன்று. கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றில் பற்றீரியா வாடல் நோய் வரும்போது, இலை பச்சையாக இருக்கையிலேயே செடி தலை சாய்ந்துவிடும். அத்தகைய செடியின் தண்டை அடிப்பக்கத்திற் குறுக்காக வெட்டி, ஒரு கண்ணாடிக் குவளையிலுள்ள தெளிந்த நீரில் வெட்டுமுகம் படும்படி அசையாது பிடித்தால், சில நிமிடங்களிற் பால்போன்ற வெண்ணிற இழைகள் தண்டிலிருந்து நீரினுள் இறங்குவதைக் காணலாம். றால்ஸ்ரோனியா என்னும் பற்றீரியாவும் அது சுரக்கும் பசையுமே அவ்விழைகள். அப்பசை செடியின் நீர்க்குழாய்களை அடைத்துவிடுவதால், வேரடியில் ஈரம் இருந்தும் செடி வாடுகின்றது. செடியின் குழாயில் நடப்பதற்கு ஒப்பானதே கோழியின் நீர்க்குழாயிலும் பாத்திரத்திலும் நடக்கின்றது. கிருமி வேறு, வழி ஏறக்குறைய ஒன்றே.

கோழிகளில் இவ்வாறு படலம் அமைக்கும் நோய்க்கிருமிகள் சில உண்டு. அவற்றுள் முதலாவதாகக் கூறத்தக்கது எசரிக்கியா கோலி. இது கோழி, மாடு, மனிதர் யாவருடைய குடலிலும் வாழ்வது. இதன் இனங்களிற் பல தீங்கற்றவை. நோய் விளைக்கும் இனங்கள் இளங்குஞ்சின் தொப்புள் வழியாகவும், சுவாசப் பைகள் வழியாகவும் உடலினுட் புகுகின்றன. இறந்த கோழியை அறுத்துப் பார்த்தால் இதயத்தையும் ஈரலையும் ஒரு வெண்மஞ்சட் தோல் போர்த்தியிருப்பதைக் காணலாம். அடுத்தது சல்மனெல்லா. இதன் சில வகைகள் குஞ்சுகளைக் கொல்லும். வேறு சில கோழிக்கு யாதொரு தீங்கும் செய்யாது அதன் குடலிலும் முட்டையிலும் தங்கி, அதனை உண்ட மனிதருக்கு வாந்தியும் கழிச்சலும் காய்ச்சலும் உண்டாக்கும். காலடி வீங்கிச் சீழ்பிடிக்கும் நோயை உண்டாக்கும் தபிலோகொக்கசு என்னும் கிருமியும் படலம் அமைப்பதில் வல்லது.

படலம் அமையும் முறை

பாத்திரத்தில் நீர் ஊற்றிய சில நிமிடங்களுக்குள், நீரிலுள்ள உணவுத்துகள்களும் பிறவும் அதன் சுவரிற் கண்ணுக்குத் தெரியாத மென்பூச்சாகப் படிகின்றன. அதன்மேற் கிருமிகள் வந்து தொடுகின்றன. முதலில் அவற்றின் பிடி தளர்வானது. நீரை ஊற்றி அலசினாலே போய்விடும். சில மணி நேரத்தில் அவை மெல்லிய நார்களை நீட்டிச் சுவரை இறுகப் பற்றுகின்றன, பெருகுகின்றன, பசையைச் சுரக்கின்றன. ஒன்றிரண்டு நாட்களில், வெறும் நீரால் அலசினாற் போகாத படலம் உருவாகிவிடுகின்றது. பின்னர் அதன் மேற்பகுதியிலிருந்து சிறு துண்டுகள் பிரிந்து நீரிற் கலந்து, குடிக்கும் கோழியின் தொண்டைக்குட் செல்கின்றன. துண்டு ஒவ்வொன்றும் பல ஆயிரங் கிருமிகளைச் சுமந்து செல்லக்கூடியது. பாத்திரத்தை நாள்தோறும் அலசுவதற்கும் வாரத்துக்கு ஒருமுறை அலசுவதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கின்றது.

சல்மனெல்லாவும் எசரிக்கியா கோலியும் தமது படலத்தில் இருவகை நார்களைச் சேர்க்கின்றன. ஒன்று புரதநார். மற்றது செலுலோசு. வைக்கோலுக்கு வலிமை கொடுப்பதும் பருத்திப் பஞ்சாய் இருப்பதும் இந்தச் செலுலோசே. மழையில் நனைந்து வெயிலிற் காய்ந்தும் வைக்கோல் இலகுவில் அழியாமை கமக்காரர் அறிந்ததொன்று. அதே பொருளாலான போர்வையைக் கிருமியும் நெய்துகொள்கின்றது என்பது 2001ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியாற் தெளிவாயிற்று. சல்மனெல்லா இப்போர்வையைக் கோழியின் உடற்சூட்டிலும் பார்க்க, ஏறக்குறைய 28 பாகை செல்சியசு வெப்பத்தில், உணவு குறைந்த இடத்திலேயே நன்கு நெய்கின்றது. அதாவது, உடலை விட்டு வெளியே வந்து, அடுத்த கோழியைக் காத்திருக்கும் காலத்துக்கென இப்போர்வை அமைந்துள்ளது. காய்ந்த எச்சத்திலும் தூசியிலும் சல்மனெல்லா பல மாதங்கள் உயிரோடிருப்பதற்கு இது ஒரு காரணமாகும். எனவே கோழிகளை விற்றுவிட்டுக் கூட்டைச் சில வாரம் வெறுமையாக விடுவதால் மட்டும் கிருமி போய்விடாது.

பழைய கண்டுபிடிப்பொன்று

மருந்து படலத்தினுட் செல்லாது என்பதை முதலிற் கண்டவர் ஒரு துணி வணிகர். ஒல்லாந்து தேசத்து டெல்வ்ற் நகரில் வாழ்ந்த அன்ரனி வான் லீவன்கூக் என்பவர், தாமே தேய்த்துச் செய்த வில்லையினூடாகத் தமது பல்லழுக்கைப் பார்த்து, அதனுள் அசையும் நுண்ணுயிர்களைக் கண்டார். இது 1680களில் நடந்தது. அவ்வழுக்கை எடுத்து வினாகிரியிற் கலந்தபோது அவை இறந்தன. வினாகிரியால் வாயைக் கொப்பளித்தபோதோ, பல்லில் ஒட்டியிருந்த அழுக்கின் வெளிப்புறத்தில் உள்ளவையே இறந்தன. உள்ளே இருந்தவை பிழைத்தன. மன்னார்க் கோட்டை ஒல்லாந்தர் கையில் இருந்த காலமும் அதுவே. அவர்கள் அதனை 1658இற் பறங்கியரிடமிருந்து கைப்பற்றினர். நெடுந்தீவுக்கு அவர்கள் இட்ட பெயரும் அந்த டெல்வ்ற் நகரின் பெயரேயாகும்.

பின்னர் நெடுங்காலம் கிருமிகளை நீரில் மிதக்கவிட்டே ஆராய்ந்தனர். 1943இல் அமெரிக்காவிற் குளோட் சோபெல் என்னும் கடலாராய்ச்சியாளர், போத்தலில் எடுத்த கடல்நீரில் மிதக்கும் பற்றீரியாவிலும் பார்க்கப் போத்தலின் சுவரில் ஒட்டியவை மிகுதி என்பதை எடுத்துக்காட்டினார். 1978இற் கனடாவைச் சேர்ந்த கொஸ்ரேட்டன் என்பவரும் அவருடைய தோழர் இருவரும், இயற்கையிற் பெரும்பாலான பற்றீரியாக்கள் ஒட்டியே வாழ்கின்றன என்று ஒரு பிரபல அறிவியல் ஏட்டில் விரிவாக எழுதினர். உயிர்ப்படலம் என்னும் பெயர் அதனையடுத்த ஆண்டுகளில் நிலைபெற்றது. கிணற்று நீரைச் சோதித்து நன்று என்று சான்று பெற்றவரும் ஆறுதலடைந்துவிடக் கூடாது என்பது இவற்றாற் பெறப்படும். நீர் நன்றாயிருக்க, பாத்திரம் தீதாயிருத்தல் கூடும்.

படலத்துள் இருக்கும் கிருமியைக் கொல்ல, மிதக்கும் கிருமியைக் கொல்லும் அளவிலும் பத்து மடங்கு முதல் ஆயிரம் மடங்கு வரை கூடிய மருந்து வேண்டியிருக்கும் என்று ஆராய்ச்சிகள் கூறுகின்றன. இதற்குக் காரணங்கள் உள. குளோரீன் போன்ற மருந்து, படலத்தின் மேற்புறத்திலுள்ள பசையோடும் அழுக்கோடும் தாக்கமுற்று அங்கேயே செலவாகிவிடுகின்றது. அடுத்து, ஆழத்திலுள்ள கிருமிகள் உணவும் காற்றும் குறைவாகக் கிடைப்பதால் வளர்ச்சியை அடக்கி உறங்குவனபோல் இருக்கின்றன. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளிற் பல, வளரும் கிருமியையே தாக்குவன. உறங்குவது தப்பிக்கொள்கின்றது. மருந்து நின்றதும் அது விழித்தெழுந்து பெருகுகின்றது. மேலே கூறிய கமக்காரரின் கூட்டில் நோய் திரும்பிய விதம் இதுவாக இருக்கலாம். அவர் மருந்தைக் கரைத்து வைத்ததும் அதே வழும்புப் பாத்திரத்திலேயே.

நானாட்டான் பகுதிக்குரிய இடர்கள்

முருங்கன் பகுதியின் நிலத்தடியிற் சுண்ணாம்புக்கல் உண்டு. அதனூடாக வரும் கிணற்று நீர் வன்னீராகும். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் உப்பு, கோழிப் பாத்திரத்திலும் குழாயிலும் படிகின்றது. இவ்வுப்புப் படிவு கரடுமுரடானது. அதன் இடுக்குகளிற் கிருமி தங்குவதற்கு அதனிலும் நல்ல இடம் கிடையாது. வேறொரு தீமையும் உண்டு. சுண்ணாம்புச் சத்துள்ள நீர் பெரும்பாலும் காரத்தன்மையுடையது. குளோரீனின் கொல்லும் வலிமை கார நீரிற் குன்றும். நீரின் பீ.எச். பெறுமானம் 7.5 ஆயின் குளோரீனில் ஏறக்குறைய பாதி வீரியமுள்ள நிலையில் இருக்கும், 8.5 ஆயின் பத்திலொரு பங்கு அளவே அந்நிலையில் இருக்கும்.

வெப்பமும் கருதத்தக்கது. கோழி தான் உண்ணும் தீனின் நிறையைப்போல ஏறக்குறைய இரு மடங்கு நீரைக் குடிக்கும்; சோளகக் காற்று வீசும் வறண்ட மாதங்களில் இன்னும் கூடுதலாகக் குடிக்கும். குடிக்குந்தோறும் அலகிலுள்ள தீனும் எச்சிலும் நீரில் விழுகின்றன. நிழலற்ற இடத்து இளஞ்சூட்டு நீரில் இவை கிருமிக்கு உணவாகின்றன. குஞ்சுகளுக்குத் தெம்பு வருமென்று சீனியும் விற்றமின் தூளும் கரைத்து வைப்போர், அந்நீரை நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. குஞ்சுக்கு வைத்த இனிப்பிற் பெரும்பங்கை வழும்பே உண்டுவிடும்.

மண்சட்டி நீரைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது உண்மை. ஆனால் அதன் நுண்டுளைகளினுட் கிருமி புகுந்தால் வெளியேற்றுதல் அரிது. கீறல் விழுந்த பிளாஸ்ரிக் பாத்திரமும் அத்தகையதே. வழவழப்பான உட்பரப்புடைய பாத்திரம், கை உள்ளே நுழையத்தக்க வாயுடையதாய் இருந்தால் மிக நன்று. வெட்டிய ரயர்த் துண்டில் நீர் வைப்பது மலிவாயினும், அதன் உள்விளிம்பைத் தேய்த்துக் கழுவியவர் எவருமிலர்.

தேய்த்தபின்பே மருந்து

கோழிப் பாத்திரத்தைச் சுத்தஞ்செய்வதில் முறை மாறக்கூடாது. வழும்பின்மேல் மருந்தை ஊற்றுவது களை நிறைந்த வயலில் உரம் இடுவதை ஒக்கும். பொருளும் போய்ப் பயனும் கிடையாது.

முதலில் நீரைக் கூட்டுக்கு வெளியே, கோழிகள் செல்லாத இடத்திற் கொட்டுதல் வேண்டும். அதன்பின் சவர்க்காரத் தூள் கலந்த இளஞ்சூட்டு நீரில் ஊறவிட்டு, தேங்காய்த் தும்பினால் அழுத்தித் தேய்த்தல் வேண்டும். அடுப்புச் சாம்பலும் உதவும். பாத்திரத்தின் அடிமூலையும், தட்டும் மூடியும் பொருந்தும் மரையும், நீர் வெளிவரும் துளையுமே வழும்பு ஒளியும் இடங்கள். நேரத்திற் பெரும்பகுதியை அவற்றுக்கே செலவிடுதல் தகும். தேய்க்கும் கையின் வலிமைக்கு ஈடான மருந்தெதுவும் இதுவரை கடையில் விற்கப்படவில்லை. தேய்த்துக் கழுவியபின் விரலாற் தொட்டுப் பார்க்க, வழுக்கல் இல்லாதிருத்தல் வேண்டும்.

வெள்ளை உப்புப் படிவு இருப்பின், வினாகிரியை அரை மணி நேரம் ஊற்றி வைத்துத் தேய்த்தால் அது கரையும். வினாகிரியை முற்றாகக் கழுவி அகற்றிய பின்னரே அடுத்த படிக்குச் செல்லலாம். வினாகிரியோ வேறு அமிலமோ வெளிற்றும் தூளோடு சேர்ந்தால் நச்சு வாயு எழும். மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்தாகும்.

அதன்பின் குளோரீன். புதிய வெளிற்றும் தூளில் 30 சதவீதமளவு குளோரீன் உண்டு. 10 கிராம் தூளை, அதாவது ஏறக்குறைய மட்டமான இரண்டு தேக்கரண்டி தூளை, ஒரு லீற்றர் நீரிற் கலக்கி, மண்டி அடியில் தங்கியபின் தெளிந்த நீரை வடித்தெடுத்தால், அதில் லீற்றருக்கு 3000 மில்லிகிராம் அளவு குளோரீன் இருக்கும். இதைத் தாய்க்கரைசல் என்று கொள்ளலாம். இதன் ஒரு லீற்றரோடு ஐந்து லீற்றர் நீர் சேர்த்தாற் பாத்திரங்களை ஊறவைக்கும் கரைசல் கிடைக்கும். தேய்த்துக் கழுவிய பாத்திரங்களை இதில் அரை மணி நேரம் மூழ்கவைத்து, நல்ல நீரால் அலசி, வெயிலிற் கவிழ்த்துக் காயவிடுதல் வேண்டும். தகரப் பாத்திரமாயின் நேரத்தைக் குறைத்து உடனே அலசாவிடிற் துருப்பிடிக்கும். ஈரங்கண்ட, கட்டிபட்ட பழைய தூளுக்கு வலிமை இராது. கரைசலை அன்றன்றே செய்து, எஞ்சியதை அன்றே கொட்டிவிடுதல் நன்று.

பாத்திரம் இரண்டு தொகுதியாக இருந்தால் வேலை இலகுவாகும். ஒரு தொகுதி கூட்டில் இருக்கும் நாளில் மற்றது வெயிலிற் காயும். இரண்டாம் தொகுதியின் விலை, இறந்துபோகும் குஞ்சுகள் சிலவற்றின் விலைக்கு மேற்படாது.

குடிநீருக்குக் குளோரீன் இட விரும்புவோர், தாய்க்கரைசலில் ஒரு மில்லிலீற்றரை ஒரு லீற்றர் நீருக்குச் சேர்த்தால் லீற்றருக்கு 3 மில்லிகிராம் ஆகும். பத்து லீற்றர் வாளிக்கு இது இரண்டு தேக்கரண்டி. சேர்த்து அரை மணி நேரம் சென்றபின் கோழிக்கு வைக்கலாம். கலங்கிய குளத்து நீரில் இதனாற் பயன் சிறிது. முதலில் தெளியவைத்தல் வேண்டும். நீரின் நாற்றத்தாற் கோழிகள் குடிப்பதைக் குறைத்தால் அளவு கூடிவிட்டது என அறிந்து குறைத்தல் வேண்டும். வெப்ப நாளில் நீர் குடியாமை நோயிலும் கொடியது.

இங்கு மறக்கக்கூடாத விலக்கு ஒன்று உண்டு. இராணிக்கட் நோய்க்கான உயிருள்ள தடுப்பு மருந்தை நீரிற் கலந்து கொடுக்கும்போது அந்நீரிற் குளோரீன் இருந்தால் தடுப்பு மருந்து செத்துவிடும். மருந்து கொடுப்பதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பே நீருக்குக் குளோரீன் இடுவதை நிறுத்துதல் வேண்டும். அன்று பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவி, வெறும் நீராற் பலமுறை அலசுதல் வேண்டும். கொழுப்பு நீக்கிய பாற்றூளை லீற்றருக்கு 2.5 கிராம் அளவில் முன்னதாகக் கலந்தால், நீரில் எஞ்சிய குளோரீனை அது செயலிழக்கச் செய்யும். அந்தப் பாலும் வழும்புக்கு உணவு. ஆதலின் தடுப்பு மருந்து குடித்து முடிந்தவுடன் பாத்திரத்தை மீண்டும் தேய்த்தாக வேண்டும்.

குழாயும் முலைவடிவக் குடிகருவியும் அமைத்துப் பெரிதாகக் கோழி வளர்ப்போர், குழாயைத் திறந்து வேகமாக நீர் பாய்ச்சுவதை வாரந்தோறும் செய்தல் வேண்டும். ஒரு தொகுதிக் கோழி போய் அடுத்த தொகுதி வருமுன், ஐதரசன் பரவொட்சைட்டு அடங்கிய குழாய் துப்புரவு மருந்தை மிருக வைத்தியரின் அறிவுரைப்படி நிரப்பி வைத்துப் பாய்ச்சுவர். கோழிகள் இருக்கும்போது இதனைச் செய்தால், உரிந்த வழும்பு குடிகருவிகளை அடைத்துக் கோழிகள் நீரின்றித் தவிக்கும்.

எருவும் காய்கறியும்

2021 மே மாதத்தில் இலங்கையில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்படும் வரை, எருவின் அருமையை யாவரும் உணர்ந்தனர். கோழியெரு தழைச்சத்து மிகுந்தது. அதன் பெருமையிற் குறையில்லை. ஆயின் பச்சையாக இடும் கோழியெருவோடு சல்மனெல்லாவும் தோட்டத்துக்குச் செல்லக்கூடும். பாத்திரத்தின் சுவரைப் பற்றும் அதே புரதநாரும் செலுலோசும் கீரையின் இலையையும் முளைவிட்ட பயற்றின் வேரையும் பற்ற உதவுகின்றன. இலையில் இவ்வாறு ஒட்டிய கிருமி, சந்தையில் நீர் தெளிப்பதாலோ, வீட்டில் ஒருமுறை அலசுவதாலோ முற்றாகப் போவதில்லை. சமைக்கும் கறியில் அச்சமில்லை. பச்சையாய் உண்ணும் வெள்ளரி, தக்காளி, சம்பலுக்கு அரியும் கீரை ஆகியவற்றில் அச்சமுண்டு.

கோழியெருவை வைக்கோலோடு கலந்து குவித்து, அளவான ஈரம் தெளித்து, புரட்டிவிட்டால் குவியல் தானே சூடேறும். இச்சூட்டிற் கிருமி இறக்கும். களைவிதையும் பெரும்பாலும் இறக்கும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சேதன வேளாண்மை விதி, புரட்டும் குவியலில் 55 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பம் 15 நாட்களேனும் இருக்கவேண்டும் என்றும், அக்காலத்திற் குறைந்தது ஐந்து முறை புரட்டவேண்டும் என்றும் கூறுகின்றது. புரட்டும்போது வெளிப்புறத்து எரு உட்புறம் செல்லவேண்டும் என்பதே அதன் கருத்து. வெப்பமானி இல்லாதவர் ஓர் இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவிற் குத்திவைத்து, சிறிது நேரத்தின்பின் இழுத்துத் தொட்டால், கையிற் பிடித்திருக்க இயலாத சூடு இருக்கும். பச்சையெருவை இட்டே தீரவேண்டிய நிலையில், மண்ணைத் தொட்டு விளையும் காய்கறியாயின் அறுவடைக்கு 120 நாட்களுக்கு முன்பும், மற்றவையாயின் 90 நாட்களுக்கு முன்பும் மண்ணிற் புதைக்கவேண்டும் என்பது அவ்விதியின் மற்றொரு பகுதி. மிளகாய்க்கு அடியுரமாக இடுவோர் இக்கணக்கை நாற்று நடும் நாளிலிருந்து எண்ணிப் பார்க்கலாம். எருக்குவியலின் நீர் கிணற்றை நோக்கி ஓடாத இடத்திற் குவியலை அமைத்தல் வேண்டும். காலபோக மழையில் வளவு முழுவதும் ஒரே நீராகும் தாழ்ந்த நிலங்களில் இது மிக முக்கியம்.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பற்றி

கோழிக்கு நோய் வருமுன்னே, வராதிருக்கட்டும் என்று சிறிதளவு நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை நீரிற் கலந்து வைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. இதிலும் கேடான பழக்கம் வேறில்லை எனலாம். வழும்பினுட் கிருமிகள் நெருங்கி வாழ்வதால், மருந்தைத் தாங்கும் தன்மையை ஒன்றிலிருந்து மற்றொன்று பெற்றுக்கொள்ள அங்கே வாய்ப்பு மிகுதி. அரைகுறை மருந்து அத்தன்மையுள்ளவற்றைத் தெரிந்தெடுத்து வளர்க்கின்றது. பின்னர் அக்கிருமி வீட்டாரின் உடலிற் புகுந்தால், வைத்தியசாலையிற் கொடுக்கும் மருந்தும் பலிக்காது. இக்காரணம் பற்றியே ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காக நுண்ணுயிர்க்கொல்லிகளைத் தீனிற் சேர்ப்பதை 2006 சனவரி முதல் முற்றாகத் தடைசெய்தது. மனிதருக்குக் கடைசி மருந்தாக வைத்திருக்கும் கொலிஸ்ரின் என்பதைக் கோழி முதலிய உணவு விலங்குகளுக்குப் பயன்படுத்துவதை இந்தியா 2019 யூலையிற் தடுத்தது. மிருக வைத்தியர் எழுதிக்கொடுத்த மருந்தை, அவர் கூறிய நாள் முழுவதும், வழும்பு நீக்கிய பாத்திரத்திற் கொடுத்தலே முறை. மருந்து கொடுக்கும் நாட்களிலும் அதன்பின் அவர் கூறும் நாட்கள் வரையும் முட்டையையும் இறைச்சியையும் விற்றலும் உண்ணலும் ஆகாது.

நோயின் பெயர் தெரியாமல் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுப்பதிலும், முதற் கோழி இறந்த அன்றே அதனைச் சோதனைக்கு அனுப்புதல் சிக்கனமானது. புதிதாக இறந்த கோழி ஒன்றிரண்டை, அல்லது நோயுற்று உயிரோடிருக்கும் ஒன்றை, மருந்து எதுவும் கொடுக்குமுன் அரச மிருக வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். இறந்ததாயின் இரண்டு பொலித்தீன் பைகளிற் சுற்றி, பனிக்கட்டியின் நடுவே வைத்து அன்றைக்கே சேர்ப்பித்தல் நன்று, உறையவைக்கக் கூடாது. கோழிகளின் வயது, மொத்தத் தொகை, இறந்த தொகை, தடுப்பு மருந்து கொடுத்த நாட்கள், நீர் எங்கிருந்து எடுக்கப்படுகின்றது என்பவற்றை ஒரு தாளில் எழுதிச் செல்லுதல் வேண்டும். வேண்டின் அங்கிருந்து மாதிரி கன்னொறுவையிலுள்ள மிருகவைத்திய ஆராய்ச்சி நிலையம் வரை செல்லக்கூடும். நீர்ப்பாத்திரங்களுள் ஒன்றையும், கழுவாமல், பையிற் கட்டி உடன் எடுத்துச் செல்லலாம்.